பிளெக்ஸில் ஏறிய பெல்ஜியக் கவிஞர்

அக்டோபர் 18, 2025
குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள் விழா, நவம்பர் ஒன்று. வழக்கம்போல் என் பேச்சுதான். இராஜாக்கமங்கலத்தில் என்னை விட்டால் ஆள் ஏது? படிப்பு ஒன்பதாம் வகுப்பு. இந்த முறை பேசப்போவதோ உலக இலக்கியம்! தங்கச்சி மகள் ஜெனிலா பெல்ஜியத்தில் அங்குள்ள பிளெமிஷ் மொழிக் கவிதைகளை ஆராய்கிறாள். அங்கேயும் மொழிப் போராட்டம் உண்டு. ஒரு கவிஞர் ஜெயிலில் எழுதிய பாட்டைத் தமிழாக்கி, தமிழ் சரியா என்று பார்க்க எனக்கு அனுப்பினாள். 'யாருக்கும் காட்டாதீங்க மாமா.' ஜெயில் என்றால் மொழிக்காகத்தான் போயிருப்பார். நம் ஆட்கள் பின்னே எதற்குப் போனார்கள்?

அக்டோபர் 23
பிளெக்ஸ் கட்டியாயிற்று. நடுவில் கவிஞர், கீழே பாட்டு, ஜெனிலாவின் படம். ஓரத்தில் நான் — ஓரம்தான், கொஞ்சம் பெரிசு.
'எத்தன வருசம் உள்ள கெடந்தாருண்ணே?' என்றான் விழாச் செயலாளர் எபிசன்.
பதினாலு என்றேன். வாயில் வந்தது. அவன் பிளெக்ஸைப் படமெடுத்து, அதையும் எழுதி பேஸ்புக்கில் போட்டான், ஜெனிலாவை டேக் செய்து.

அக்டோபர் 24
ஜெனிலா போனில் அழுதாள். அந்த ஆள் போரில் நாஜிகளோடு சேர்ந்தவனாம். மொழிக்குத் தனிநாடு கிடைக்கும் என்று நம்பி, யூதர்களைக் காட்டிக்கொடுத்தவன். ஜெயில் அதற்குத்தான். அங்கே உட்கார்ந்து மொழித் தியாகி மாதிரி எழுதியிருக்கிறான். அந்தப் பொய்யைத்தான் இவள் ஆராய்கிறாளாம்.
'எங்கூட படிக்கிறவளுக்க பாட்டி வீட்டாளுவள அப்பிடித்தான் கொண்டுபோனாவ. பிளெக்ஸப் பாத்துட்டு அவ எங்கிட்ட பேசல மாமா.'
'சும்மா கொஞ்சம் கூட்டிச் சொன்னேன் மக்கா—'
'அவனும் அதத்தான் செஞ்சான்.'


அக்டோபர் 25
பிளெக்ஸைக் கழற்றச் சொன்னேன். 'கெடக்கட்டும்ணே, இங்க யாருக்குத் தெரியும்?' என்கிறான் எபிசன்.
எனக்குத் தெரியும்லா டே!
நானே ஏணி வைத்து ஏறினேன். என் முகத்தோடு சேர்ந்துதான் கிழிந்தது.

அக்டோபர் 28
ஜெனிலா வேறொரு கவிதை அனுப்பியிருக்கிறாள். அதே மொழி, வேறு ஆள், போருக்குப் பின் எழுதியது.

என் தாய்மொழியில்தான் கதவைத் தட்டினார்கள்.
என் தாய்மொழியில்தான்
பக்கத்து வீட்டுக்காரர் பெயரை வாசித்தார்கள்.

'தைரியம் இருந்தா மேடையில வாசிங்க' என்று மட்டும் கீழே.

நவம்பர் 1
வாசித்தேன். பிளெக்ஸில் இருந்தவன் யார் என்றும் சொன்னேன். 'நல்ல நாளும் அதுவுமா இது எதுக்குவே?' என்று பின்னாலிருந்து ஒரு குரல். குமரிப் போராட்ட ஊர்வலத்தில் அப்பா போலீஸ் தொப்பியைத் தட்டிவிட்டதாக நான் வருடா வருடம் கூட்டிச் சொல்லும் கதை — அதை இந்த வருடம் சொல்லவில்லை.

நவம்பர் 2
நான் வாசித்த வீடியோவைக் கூடப் படிக்கிற அந்தப் பெண்ணுக்கு அனுப்பினாளாம் ஜெனிலா. பார்த்திருக்கிறாள். பதில் இன்னும் இல்லை.
'வீடியோ கவிதையோட நின்னுட்டு. கைதட்டுனாங்களா மாமா?' என்று கேட்டாள் ஜெனிலா.
மண்டபமே அதிர்ந்தது என்று வாய் வரை வந்தது.
'இல்ல மக்கா' என்றேன்.