ஆந்தைக் காசில் இரண்டாவது வெட்டு

மார்ச் 14, சனிக்கிழமை, மாலை 4.20. காசு ஒன்று, அதில் வெட்டு இரண்டு.

அன்புள்ள குட்டிக்கு, அப்பா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, அம்மாவுக்கு முட்டிவலி குறைந்துவிட்டது. நீ நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதி இன்றிரவு பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன், கிழிக்காமல் கடைசிவரை படி. கல்யாணம் பேசி முடித்த அன்று சம்பந்தி பழங்காலத்துக் காசு என்று சொல்லி உனக்குக் கொடுத்த, ஆந்தை பொறித்த அந்தக் கிரேக்கக் காசை, என்ன ஏதென்று விசாரித்து வையுங்கள் என்று நீதானே என்னிடம் விட்டுப் போனாய். நானும் எங்கள் தொழிற்சாலைப் பரிசோதனை அறைக்கு எடுத்துப் போய் ஒரு பேரிங்கைச் சோதிப்பதுபோலச் சோதித்தேன். எடை பதினைந்து கிராம், இந்த வகைக்குப் பதினேழு இருக்க வேண்டும். தண்ணீரில் தொங்கவிட்டு அடர்த்தி பார்த்தேன், ஒன்பது சொச்சம், வெள்ளியென்றால் பத்தரை. அதோடு விட்டிருக்கலாம், நான் விடுகிற ஆளா? ஓரத்தில் அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன், உள்ளே செம்பு பல்லிளித்தது. அந்தச் சூட்டிலேயே சம்பந்திக்குப் போன் போட்டு, "உங்க காசு போலிங்க, உள்ளே வெறும் செம்பு" என்றேன். "அப்போ எங்க குடும்பமும் அப்படித்தான்னு சொல்றீங்க" என்று வைத்துவிட்டார். கல்யாணம் அந்தரத்தில் நிற்கிறது.

இன்று காலை பழங்காசு வாங்கி விற்கிற ஒரு பெண்மணியிடம் போனேன், போலி என்று எழுதி வாங்கி உன்னிடம் நீட்டலாம் என்றுதான் போனேன். தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை, ஜன்னலோரம் மேசை, ஒரு லென்ஸ். ஆந்தையின் குறுக்கே இருந்த பழைய உளிவெட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், "போலிதான் சார், ஆனா அந்தக் காலத்துப் போலி" என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. ஏதென்ஸில் இந்தக் காசு புழங்கிய நாளிலேயே எவனோ செம்புக்கு மேல் வெள்ளித் தகடு போர்த்தி அச்சடித்திருக்கிறான், சந்தேகப்பட்ட வேறொருவன் உளியால் வெட்டிப் பார்த்திருக்கிறான், வெட்டுக்குள் செம்பு பச்சை பிடித்து இறுகிக் கிடப்பதே சாட்சியாம். ஏமாற்றியவன் செத்து இரண்டாயிரத்து நானூறு வருஷம் ஆகிறது குட்டி, நான் அந்தப் பழியைச் சம்பந்தி தலையில் போட்டிருக்கிறேன். முழு வெள்ளிக் காசின் விலை வராது, ஆனால் இந்த மாதிரிப் போலியைத் தேடி வாங்குபவர்கள் உண்டு, என் ரெண்டு மாதச் சம்பள அளவுக்குத் தேறும் என்றார். பிறகு ஓரத்தைத் திருப்பினார். "இந்தக் கோடு மட்டும் பளபளன்னு இருக்கே, எந்தப் புண்ணியவான் வேலை?" நான்தான் என்று கையைத் தூக்கினேன். "பாதி விலையை அரத்தாலயே தேய்ச்சுட்டீங்களே சார், நல்லவேளை பாலிஷ் போடல" என்றார். வீட்டில் சொன்னால் உன் அம்மா, "இருபது வயசுல அப்பாவானீங்க, நாப்பத்திரண்டு ஆகியும் வாய்க்கும் பூட்டில்ல கைக்கும் பூட்டில்ல" என்கிறாள்.

இனி நான் செய்யப் போவது:

1. நாளைக் காலை முதல் பஸ்ஸில் சம்பந்தி வீட்டுக்கு. போனில் பேச்சே கிடையாது.
2. முதலில் நான் அரத்தால் போட்ட வெட்டைக் காட்டுவேன். காசு பழசு என்று அவர் சொன்னது நிஜம் என்பதை அதற்குப் பிறகுதான் சொல்வேன்.
3. எவ்வளவு திட்டினாலும் நடுவில் விளக்கம் சொல்ல மாட்டேன். அம்மா கூட வருகிறாள், என் காலை மிதிக்க.
4. காசை அவர் கையில் கொடுப்பேன். அது மறுபடி உன்னிடம் வர வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. நாளை சாயங்காலமாவது போனை எடு.

உன் அப்பா