கெஸட்டுக்கு முகமில்லை

786

சாய்ந்தமருது
1982.09.09

அன்பு மகன் மசூருக்கு வாப்பா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்மாமில் நீ நோய் நொடியில்லாமல் இருக்க அல்லாஹ் அருள் செய்வானாக. இங்கே உன் உம்மாவுக்கு முழங்கால் சுகமில்லை, எனக்கு மனம் சுகமில்லை, மற்றப்படி எல்லோரும் நலம். முழங்காலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மனத்துக்குத்தான் இந்தக் கடிதம். ஆகவே வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் இதைப் பிரிக்காமல், ஜும்ஆ முடிந்து வந்து ஆறுதலாக உட்கார்ந்து வாசி.

நோன்புப் பெருநாளுக்கு அடுத்த கிழமை நீ கொடுத்தனுப்பிய ரேடியோ கெஸட் பெட்டியும் இங்கிலீஷ் பேசப் பழக்கும் ஆறு நாடாக்களும் பழுதில்லாமல் வந்து சேர்ந்தன. கூட வந்த கடிதத்தில் உம்மாவுக்கு எழுதியிருந்தாய், தங்கச்சி நஸீறா ஆங்கில ஆசிரியர் எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டாள், இனி நேர்முகத்தில் வாய் திறந்து பேசவேண்டும், அதற்கு இந்த நாடாக்கள்தான் மருந்து, வாப்பாவின் பங்களா இங்கிலீஷை மட்டும் அவள் காதில் விழ விட்டுவிடாதீர்கள் என்று. உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்பதும், வரும் கடிதத்தை வாசித்துக் காட்டுகிறவன் நான்தான் என்பதும் கடல் தாண்டியதும் உனக்கு மறந்துபோயிருக்கும். என்னைப் பற்றி நீ எழுதியதை என் வாயாலேயே உரத்து வாசித்தேன். உம்மா சீலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தாள். நல்ல மகன்.

நாடாவில் பேசும் அந்த வெள்ளைக்காரனின் கதையைக் கேள். அவன் ஒரு கேள்வி கேட்பான், பிறகு பதில் சொல்ல இடம் விட்டுச் சும்மா இருப்பான், பதில் சரியோ பிழையோ “மிக நல்லது” என்பான். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஒரு மணித்தியாலம், அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் அவன் நம் வீட்டில்தான். அந்நிய ஆணின் குரல் என்று முதல் நாலு நாளும் உன் உம்மா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். ஐந்தாம் நாள் வேலிக்கு அப்பால் இருந்து றாஹிலா மாமி கேட்டாளாம், “என்னகா ஹாஜறா, ஊட்டுக்குள்ள ஆருகா அந்த ஆம்புள? நேத்தும் புள்ளட பேரக் கேட்டான், இண்டைக்கும் கேக்கான், இன்னமும் பாடமாகல்லியா அவனுக்கு?” என்று. மாமி பள்ளிக்கூடம் போகாதவள். ஆனாலும் அந்த நாடாவில் உள்ள குறையை உனக்கு முதல் அவள் பிடித்துவிட்டாள். அவன் கேட்பான், ஆனால் கேட்டுக்கொள்ள மாட்டான்.

மூன்று கிழமையில் நஸீறா அவனைப் போலவே பேசினாள். திரைக்குப் பின்னால் நின்று கேட்டால் லண்டனில் பிறந்தவள் என்பாய். நான் விறாந்தையில் இருந்துகொண்டு அதே கேள்வியை இங்கிலீஷில் கேட்டேன், ஒரு சத்தமில்லை. திரும்பிப் பார்த்தால் பிள்ளை கதவுக்குப் பின்னால். பாதி முகம், ஒரு கண், வாயில் தாவணி. உனக்குத் தெரியும், நம் வீட்டில் பெண்பிள்ளை வாப்பாவோடு கதைப்பது அப்படித்தான், இருபத்துமூன்று வருடமாக அவள் எனக்கு அரை முகம்தான் காட்டியிருக்கிறாள், அதை நான் அடக்கம் என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால் நேர்முகப் பரீட்சைக்குக் கதவைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. கெஸட்டுக்கு முகமில்லை மகன். முகமில்லாத ஒன்றோடு யாரும் பேசுவார்கள்.

நீ நக்கலடித்த பங்களா இங்கிலீஷ் எனக்கு எப்படி வந்தது என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. இங்கினியாகலையில் அணை கட்டிய காலம், நான் துரைமாரின் பங்களாவில் கோப்பை கழுவப் போனவன், எழுத்து வாசிக்க அகராதி வாங்கியதெல்லாம் பிறகு. அங்கே நான் முதலில் படித்தது முகம். ஒரு துரை ஆளை ஏசும்போது குரலை உயர்த்த மாட்டார், பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைப்பார், வைத்தால் அந்த ஆளுக்கு அடுத்த நாள் வேலையில்லை. நம் ஊர் ஓவர்சியர் ஒருவர் துரை ஏசியபோது வெட்கத்தில் சிரித்துவிட்டார். ஏச்சு வாங்கும்போது சிரிப்பது நம் மரியாதை. துரை அதைத் தன்னை நையாண்டி செய்வதாக எடுத்துக்கொண்டார், மனிதன் அன்று பின்னேரமே பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். அவருக்கு என்னைவிட நூறு மடங்கு இங்கிலீஷ் தெரியும். இதெல்லாம் உன் ஆறு நாடாவில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்த்து எழுது. நீயும்தான் போன முறை லீவில் வந்தபோது, கல்முனை அரசாங்கக் கந்தோரில் இங்கிலீஷில் கேட்ட ஒரு கேள்விக்குத் தோளைக் குலுக்கிவிட்டு நின்றாய். அந்தத் தோள் குலுக்கலைப் பட்டணத்து இங்கிலீஷ் என்று நானும் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே கெஸட்டை நிறுத்தி, விறாந்தையில் இரண்டு கதிரையை எதிரெதிராகப் போட்டேன். உன் உம்மா சண்டைக்கு வந்தாள், குமர்ப்பிள்ளை வாப்பாவுக்கு முன்னால் கதிரையில் இருப்பதா, ஊர் என்ன சொல்லும் என்று. ஊர் நேர்முகத்துக்கு வராது என்றேன். நஸீறா முதல் மூன்று நாளும் என் சேட்டின் இரண்டாவது பொத்தானோடுதான் பேசினாள். பிழையைத் திருத்தினால் சிரித்தாள், சிரித்தால் கையால் வாயை மூடினாள், ஓம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினாள். அறியாதவன் பார்த்தால் இல்லை என்று எழுதிக்கொள்வான். கையை மடியில் வை, தெரியாவிட்டால் தெரியாது என்று நிமிர்ந்து சொல், கேட்டவன் முடிக்குமுன் பதிலைத் தொடங்காதே என்று ஓயாமல் சொன்னேன். இரண்டு தரம் அழுதாள். நான் விடவில்லை. பத்தாம் நாள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய கண் என்னுடைய உம்மாவின் கண் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இனி வருவதை நின்று நிதானமாக வாசி. அன்று நான் பரீட்சைக்காரனாக இருந்து, பெண் என்றால் இவர்கள் கட்டாயம் கேட்பார்கள் என்று, கலியாணம் முடித்தால் இந்த வேலையை விட்டுவிடுவீரா என்று இங்கிலீஷில் கேட்டேன். அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“அவரை முடித்தால் விடத்தான் வேண்டும். அதனால் அவரை முடிக்க மாட்டேன்.”

எவரை என்றேன்.

“பளீலை. மசூர் காக்கா அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை, உங்களிடமும் கேட்கவில்லை.”

குரல் நடுங்கவில்லை, கை மடியை விட்டு எழவில்லை, கண் என் கண்ணை விட்டு அசையவில்லை. பரீட்சைக்காரனுக்குப் பிழை பிடிக்க ஓரிடமில்லை, வாப்பாவுக்கு மூச்சு விட இடமில்லை. இதைத் தமிழில் சொல்லு புள்ள என்றேன். உடனே கண் கீழே போய்விட்டது, எழுந்து கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கிருந்து, “ஓம் வாப்பா, நீங்க வெளங்கினது சரிதான்” என்று மட்டும் சத்தம் வந்தது.

பிறகு உம்மாவிடம் கேட்டபோது எல்லாம் வெளியே வந்தது. ஆறாவது நாடாவின் பெட்டிக்குள் இன்னொரு கடிதம், வாப்பாவுக்குத் தெரியவேண்டாம் என்று. உன் அறையில் உன்னோடு படுக்கும் அக்கரைப்பற்றுப் பளீலுக்குக் கம்பனியில் குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைக்கப் போகிறது, வெள்ளைக்காரர் வீட்டுப் பெண்களோடு இங்கிலீஷ் கதைக்கத் தெரிந்த பெண் அவனுக்கு வேண்டும், தங்கச்சியைத் தருவதாகச் சொல்லிவிட்டேன், நேர்முகம் என்று சொன்னால் அவள் ஊக்கமாகப் படிப்பாள் என்று எழுதியிருந்தாய். இதையும் உம்மாவுக்கு யாராவது வாசித்துக் காட்டத்தானே வேண்டும், நஸீறாதான் வாசித்திருக்கிறாள். மகன், நீ இரண்டு கடிதம் எழுதினாய், யாருக்கு ஒளித்து எழுதினாயோ அவர்களையே வாசிக்க வைத்தாய். இவ்வளவு கெட்டிக்காரனை அந்தக் கம்பனி எப்படி வைத்திருக்கிறது என்று யோசிக்கிறேன்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று பொய் எழுத மாட்டேன். அவள்மீதும் வந்தது, பள்ளிக்குப் போய் இஷாத் தொழுகை முடியும்வரை இருந்தேன். ஆனால் பத்து நாளாக நிமிர்ந்து சொல், நிமிர்ந்து சொல் என்று அழ அழப் பழக்கியவன் நான், சொன்ன பிறகு எதற்குச் சொன்னாய் என்று கேட்க எனக்கு வாயில்லை. பளீல் நல்ல பிள்ளையாக இருக்கலாம், அவனோடு எனக்கு ஒரு குறையுமில்லை. என் குறை உன்னோடு. நான் உயிரோடிருக்கும்போதே என் பிள்ளையைத் தருவதாக நீ வாக்குக் கொடுத்தாய்.

திங்கட்கிழமை நேர்முகத்துக்கு மட்டக்களப்புக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். மூன்று பேர் இருந்தார்களாம். ஒருவர் பைலைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்டாராம், அவர் தலையை நிமிர்த்தும்வரை இவள் பதில் சொல்லாமல் இருந்தாளாம். முடிவு இன்னும் வரவில்லை. கிடைக்காவிட்டாலும் அடுத்த முறை போவாள், அதற்காகப் பளீல் கதை திரும்ப உயிர்க்காது, அதை வேறாக எழுதிக்கொள்.

நீ செய்யவேண்டியது ஒன்று. கொடுத்த வாக்கை நீயே திருப்பி வாங்கு. கடிதம் எழுதி அவன் தலையணையில் வைப்பது, இன்னொருவனைத் தூது விடுவது, கெஸட்டில் பேசிக் கொடுப்பது ஒன்றும் வேண்டாம். எதிரே இருந்து முகத்தைப் பார்த்துச் சொல், பிழை என்னுடையது என்று சொல், சொல்லும்போது சிரிக்காதே. பிறகு அவன் தன் உம்மாவுக்குத் தந்தி அடிக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே, வெயிலில் வெறுந்தலையோடு நிற்காதே. உம்மா உனக்கு ஸலாம் சொல்லச் சொன்னாள், என்மேல் இன்னும் கோபம் போலிருக்கிறது, ஆனாலும் அந்த இரண்டு கதிரையையும் அவள் உள்ளே எடுத்து வைக்கவில்லை. அல்லாஹ் உனக்கு நல்ல புத்தியையும் நீண்ட ஆயுளையும் தருவானாக, ஆமீன்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பளீலின் உம்மா காப்புப் போட்டு நிச்சயம் செய்ய வருகிறாளாம். அதற்கு முன் உன் வேலையை நீ முடிக்காவிட்டால் நான் குறுக்கே வரமாட்டேன், அவளுக்கு முன்னால் நஸீறாவை இருத்திவிடுவேன். பதிலை அவளே சொல்லுவாள். தமிழில் சொல்லத்தான் இப்போது அவளைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வாப்பா
ஆ. உதுமாலெவ்வை