வடிகட்டிய வண்டல்

அன்பு மகளுக்கு,

அம்மா சௌக்கியம். முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை, அதைப் பற்றி நீ கேட்கவும் வேண்டாம், நான் சொல்லவும் வேண்டாம். நீ ஆராய்ச்சிக்கூடமே கதி என்று கிடக்காமல் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

போன வாரம் தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தாயே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை. அதற்கு முன் நீதானே, எதிர்வீட்டாரின் சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலக்கும் வளைவிலிருந்து வண்டல் வேண்டும், தூர் வாரிவிட்டால் இத்தனை வருஷம் படிந்ததெல்லாம் போய்விடும், பிறகு எதையும் நிரூபிக்க முடியாது என்றாய். நானும் எடுத்தேன். ஆனால் படித்தவர்கள் பார்க்கப்போகிற மண்ணில் பிளாஸ்டிக் பைக் கிழிசலும் நூல் பிசிறும் பாசிமணி போல நீல உருண்டைகளும் கிடந்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? தேநீர் வடிகட்டியில் போட்டு அலசிப் பளிச்சென்று ஆக்கி வைத்தேன். நீயோ, "அம்மா, நீ குப்பையில போட்ட பிளாஸ்டிக்தான் எனக்கு வேணும், மண்ணை நீயே வச்சுக்கோ" என்கிறாய். கான்வென்டில் சுத்தத்துக்காகப் பரிசு வாங்கியவள் நான்.

மறுநாளே தூர் வாரும் இயந்திரம் கரைக்கு வந்துவிட்டது. உன் சித்தியை இழுத்துக்கொண்டு ஓடினேன். நைலான் துணியிலிருந்து இழை உதிர்ந்து மண்ணில் கலந்துவிடும் என்று நீ சொன்னதால் அப்பாவின் பழைய பருத்திச் சட்டையை மாட்டிக்கொண்டேன், சித்தி, "ஐயோ அக்கா, அத்தானே எழுந்து வந்துட்டாரோன்னு நினைச்சேன்" என்றாள். இயந்திரக்காரர் மேலேயிருந்து, "ஏம்மா, சேத்துல நகை எதுவும் தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். "நகையா இருந்தா உன்கிட்ட சொல்லுவேனா? முதல்ல அதை நிறுத்துப்பா" என்றேன். நிறுத்திவிட்டார். சித்தி என் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, எவர்சில்வர் கரண்டியால் கண்ணாடி ஜாடி நிறைய அள்ளி, நீ சொன்னபடி அலுமினியத் தாள் வைத்து மூடினேன். நாற்றமும் பிசிறுமாக அப்படியே இருக்கிறது. ஒரு துரும்பைக்கூட எடுக்கவில்லை, கை எப்படித் துறுதுறுத்தது என்று எனக்குத்தான் தெரியும். நாங்கள் கரையேறிய கொஞ்ச நேரத்தில் அந்த வளைவே பள்ளமாகிவிட்டது.

ஜாடியை நாளை நானே கூரியரில் கொடுத்துவிடுகிறேன். அதில் எது இருந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுது. அம்மா இந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறாள் என்று கலங்காதே, எதிர்வீட்டாராயிற்றே என்றும் தயங்காதே. தினமும் கதவைத் திறந்தால் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவள் நான், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நல்ல உடம்பும் அஞ்சாத மனமும் உனக்கு வாய்க்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள்ள மறக்காதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா