நான் கறுப்பாக்கிய உன் கண்

என் துளசிக் குட்டிக்கு,

அப்பா இன்னும் கண்டியில் அதே ஸ்டுடியோவில்தான் இருக்கிறேன். சாதாரண தரப் பரீட்சையை இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் கணக்கில் கோட்டை விட்டவனை வேறு யார் வேலைக்கு வைப்பார்கள்? ஆனால் படத்தில் பருவை அழிப்பதில் நான் கெட்டிக்காரன். என் கை பட்டு அழகான மணமகள்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

அந்தக் கெட்டித்தனத்தை உன்னிடமும் காட்டினேன். உன் இரண்டாவது பிறந்தநாள் படத்தில், ஃபிளாஷ் பட்டு வலது கண் சிவந்திருந்தது. இடது கண்மணி மட்டும் வெள்ளையாக, பூனைக்கண் போல மின்னியது. தூரிகையால் இரண்டையும் கறுப்பாக்கிச் சட்டம் போட்டேன். திருவிழாப் படத்தில் அந்த வெள்ளை இன்னும் பெரிதாக இருந்தது. ஃபிலிம் பழுது என்று திட்டிக்கொண்டே அதையும் கறுப்பாக்கினேன்.

பிறகு படமே தேவைப்படவில்லை. சாயங்காலம் நீ ஜன்னல் பக்கம் திரும்பினால் போதும், உன் கண்ணுக்குள் யாரோ விளக்கோடு நின்று எங்களை எட்டிப் பார்ப்பார்கள். அம்மா கண்ணூறு கழிய மிளகாய் சுற்றிப் போட்டாள்.

ஒருநாள் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு விளையாடினாய். நான் எதிரே, கை எட்டும் தூரத்தில் கதிரையில் இருந்தேன். திறந்திருந்த கண் என்னையே பார்த்தது.

"அப்பா, எங்க போன?" என்றாய்.

விளையாட்டு என்று நினைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். எவ்வளவு நேரம் என்னைத் தேடினாய், மகளே?

கண்ணுக்குள் வளரும் புற்றுநோய் என்று டொக்டர் சொன்னபோது, கிழவர்களுக்கு வருவதல்லவா என்று கேட்டவன் நான். வேளைக்குக் கண்டால் அநேகமான பிள்ளைகளைக் காப்பாற்றலாமாம். உனக்கு அது மூளைக்குப் போயிருந்தது.

நீ போன பிறகு நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதில் வெள்ளை கறுப்பாகத் தெரியும். உன் முகத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதிலிருந்து மை தொடாத படம் ஒன்று போட்டு, ஸ்டுடியோ அலுமாரியில் வைத்தேன்.

போன மாதம் அலவத்துகொடையிலிருந்து ஒரு வாப்பாவும் உம்மாவும் கைக்குழந்தையோடு வந்தார்கள். போனில் அந்தக் குழந்தையின் படத்தைக் காட்டி, ஒரு கண்ணை மட்டும் கறுப்பாக்கித் தரச் சொன்னார்கள். அதே வெள்ளை. அந்தப் பிள்ளையின் முகத்திலிருந்து யாரோ என்னை அடையாளம் கண்டுகொண்டது போல இருந்தது.

மாட்டேன் என்றேன். எல்லா வெள்ளையும் புற்றுநோய் இல்லை, ஆனால் அதை டொக்டர்தான் சொல்லவேண்டும், இன்றைக்கே காட்டுங்கள் என்றேன்.

"நீங்க போட்டோ புடிக்கிற ஆளா, டொக்டரா?" என்று வாப்பா எழுந்தார். நியாயமான கேள்விதான். நான் அலுமாரியைத் திறந்து உன் படத்தை உம்மாவின் கையில் கொடுத்தேன்.

"இந்தப் புள்ள இப்ப எங்க?"

உம்மா என் முகத்தையே பார்த்தார். அவர் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

நேற்று வாப்பா போனில் பேசினார். அந்தக் கண்ணை எடுத்துவிட்டார்களாம். நோய் வெளியே பரவவில்லையாம். பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாளாம்.

உன் படத்தைப் பெரிதாக்கிக் கடை முகப்பில் மாட்டி, 'பிள்ளையின் கண்மணி இப்படி மின்னினால் உடனே டொக்டரிடம் காட்டுங்கள்' என்று கீழே எழுதப்போவதாக அம்மாவிடம் சொன்னேன். இத்தனை வருசமும் அதைப் பார்க்க மறுத்தவள், வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாக்குறவங்க பயந்துருவாங்களே" என்றேன்.

"பயப்படட்டுங்க" என்றாள்.

நாளைக் காலை மாட்டிவிடுவேன். நான் இருக்கும்வரை அந்தக் கண்ணில் எவரும் தூரிகை வைக்க விடமாட்டேன்.

உன் ஒருத்திக்கு மட்டுமே
அப்பா