காருக்கு வந்த முழங்கால் வலி

பொகவந்தலாவை,
ஞாயிற்றுக்கிழமை

என் தங்கம் வினோதாவுக்கு அம்மா எழுதுறது. அம்மன் புண்ணியத்துல எங்க ரெண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்ல, அப்படித்தான் எழுதணும், எழுதிட்டேன். குறையெல்லாம் கீழ வருது. நீ அந்த டுபாய் வெயில்ல வேளைக்குச் சாப்பிடுறியா, ஹோட்டல்ல வேலை செய்யிறவ பட்டினி கிடக்கிறான்னா யாரும் நம்ப மாட்டாங்க, ஆனா நீ கிடக்கக்கூடியவதான். இந்தக் காலத்துல என்னடா அம்மா கடுதாசி போடுறாளேன்னு யோசிக்காத. போன்ல பேசலாம்னா உங்க அப்பா பக்கத்துலயே காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு, எழுதி போட்டோ புடிச்சு அனுப்பலாம்னா அதுவும் அவரு போன்லதான் போகணும். இது அவருக்குத் தெரியக்கூடாது. அதான் தபால்ல போடுறேன்.

விஷயம் என்னன்னா, கூடிய சீக்கிரம் அப்பா உனக்கு போன்ல கோல் எடுத்து காசு கேப்பாரு, குடுக்காத. எதுக்குன்னு கேளு, காருக்குத்தான். தோட்டத்து லொறி ஓட்டி முடிச்சு வந்த காசுல வாங்கினாரே அந்தப் பழைய சிவப்புக் காரு, அதுக்கு முன்பக்கம் ஆட்டம் கண்டு போச்சு. நம்ம லயத்து வீடுகளுக்கு வர்ற ரோட்டுல ஒரு குழி விட்டு ஒரு குழி எறங்கினா கடக்கு முடக்குன்னு சத்தம், பிரேக் போட்டா ஒரு முனகல். ஹட்டன்ல கராஜ் வச்சிருக்கிற நஜீம் பாஸ் அடியில படுத்துப் பாத்துட்டு, குலுக்கலைத் தாங்குற சொக் அப்சோபர்ல எண்ணெய் ஒழுகுது, றப்பர் புஷ்ஷெல்லாம் தேஞ்சு பொடிப்பொடியாப் போச்சு, ரெண்டு பக்கமும் புதுசு போடணும்னா கூலியோட லட்சத்துக்குக் கிட்ட வரும்னு சொல்லியிருக்காரு. அதைக் கேட்டுட்டு வந்த மனுசன் முகத்தை நீ பாக்கணுமே, எழவு வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி. காரு பாவம், அதுக்கு வலிக்குது மீனம்மான்னு என்கிட்டயே சொல்றாரு. அதே மாசம்தான் டொக்டர் என் முழங்காலைப் பாத்தாரு. இத்தனை வருசமா தேயிலைக் கொழுந்துக் கூடையோட மலை ஏறி எறங்கி உள்ள தேஞ்சு போச்சும்மா, மாசா மாசம் கண்டிக்குப் போயி ஊசி போட்டுக்கங்கன்னு சொன்னாரு. அதுக்கு உங்க அப்பா, சரி பாப்போம்னாரு. எனக்குப் பாப்போம், காருக்கு நாளைக்கே!

பொறாமைதான்டி, வாய் விட்டே சொல்றேன். ஒருத்தி வந்து என் குடும்பத்தைக் கெடுத்திருந்தாலாவது முடியைப் புடிச்சு நாலு கேள்வி கேட்டிருப்பேன், இந்தத் தகரத்தை என்னன்னு கேக்கிறது. கதவைக் கொஞ்சம் சத்தமா சாத்தினாக்கூட என்மேல எரிஞ்சு விழுறாரு. நீ அனுப்பின பூப்போட்ட துவாயி, முகம் துடைக்க மனசு வராம பெட்டியில மடிச்சு வச்சிருந்தேன், அதை எடுத்து கண்ணாடியில விழுந்த பனியைத் துடைக்கிறாரு. காரு நனையக்கூடாதுன்னு கொட்டாய் போட்டாச்சு, அடுப்படி ஒழுகுறதுக்கு நான் சட்டி வச்சிருக்கேன். ஆயுத பூசைக்கு அதுக்கு ரோஜா மாலை, சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். எனக்கு அந்த மாலையில இருந்து உதுந்த பூ. அதையும் நானே குனிஞ்சு பொறுக்கினேன், இந்த முழங்காலோட.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்குவேன். காளியாயி அக்கா புடிக்கிற சீட்டு இந்த மாசம் நமக்கு விழுந்துச்சு. அந்தக் காசு ஊசிக்குன்னு மனசுல முடிஞ்சு வச்சிருந்தேன், அது அவருக்கும் தெரியும். காசு வந்த மறுநாளே அதைச் சட்டைப் பைக்குள்ள வச்சுக்கிட்டு காரை ஹட்டனுக்குக் கொண்டு போயிட்டாரு. என்னைய ஒரு வார்த்தை கேக்கல. காரைக் கராஜ்ல விட்டுட்டு பஸ்ல வந்து எறங்கினவரு, புள்ள பெறப் போன மகளை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்தவரு மாதிரி சோத்தைப் பெசஞ்சு பெசஞ்சு வச்சிட்டு எந்திரிச்சிட்டாரு. நீ டுபாய் போன அன்னைக்குக்கூட ரெண்டு தரம் சோறு போட்டுத் தின்னாரு. அதனாலதான் சொல்றேன், மிச்சக் காசுன்னு உன்கிட்ட கேட்டா ஒரு சல்லி குடுக்காத. இரு, யாரோ வர்றாங்க, பெறகு எழுதுறேன்.

செவ்வாய்க்கிழமை

மேல எழுதினதை அரிசி வாளிக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். கிழிச்சுப் போடலாம்னு பாத்தேன், ஆனா அவ்வளவும் நெசமா எனக்கு எரிஞ்சதுதான், இருந்துட்டுப் போகட்டும். நேத்துப் பொழுது சாய காரு வந்துருச்சு. இன்னைக்கு ஹட்டன்ல எனக்கு கிளினிக் நாள், அந்தக் காருலயே போனோம். நான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் ஏறினேன். ஆனா வினோ, பொய் சொல்லக்கூடாது, லயத்து ரோட்டுல எறங்குறப்ப எனக்கு முழங்கால்ல ஒரு சுருக்குக்கூடத் தெரியல, மெத்தையில உக்காந்த மாதிரி இருந்துச்சு. ஆனா சத்தம் மட்டும் போகல, அவரு பக்கம் அதே கடக்கு முடக்கு. என் சீட்டுக் காசைக் கொட்டியும் உங்க மகாராணிக்கு வாய் மூடல போலன்னு குத்திக் காட்டினேன். அவரு அடுத்த குழியைப் பாத்து மெதுவா எறக்கினாரு.

ஹட்டன்ல அவரு மருந்துக் கடைக்குப் போன நேரம் நஜீம் பாஸ் என்னைப் பாத்துட்டு வந்தாரு. அக்கா நீங்களாவது சொல்லுங்க, ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் மாத்தணும்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேக்க மாட்டேங்கிறாருன்னு சொன்னாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. பெறகுதான் சொல்றாரு, அப்பா கையில இருந்த காசு ஒரு பக்கத்துக்குத்தான் போதுமாம். அதுக்கு உங்க அப்பா, அப்ப இடது பக்கம் போடுங்க, அங்கதான் மீனம்மா உக்காருவா, குழியில எறங்குறப்பல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டு வர்றா, இப்படியே இந்தக் காருல மாசா மாசம் கண்டிக்குக் கூட்டிப் போனா ஊசி போடப் போற வழியிலயே அவ கால் போயிரும், என் பக்கம் பழசே கெடக்கட்டும்னு சொன்னாராம். ஒரு பக்கம் புதுசு ஒரு பக்கம் பழசுன்னா வளைவுல காரு ஒரு பக்கமா இழுக்கும், நம்ம ரோட்டுல அது ஆபத்து, சொணங்காம மத்தப் பக்கமும் செஞ்சிருங்க அக்கான்னு சொல்லிட்டுப் போனாரு.

எனக்கு வந்துச்சு பாரு ஒரு கோவம்! இதை என்கிட்ட சொன்னா வாயில இருக்கிற முத்து உதுந்திருமா? எண்ணெய்க் கையோட நிக்கிற நஜீமுக்குச் சொல்றாரு, கட்டின பொண்டாட்டிக்குச் சொல்ல முடியல. இப்ப எனக்கு நஜீம் மேலயும் பொறாமை. திரும்பி வர்றப்ப ஒண்ணும் கேட்டுக்கல. ரோட்டைப் பாக்காம அவரையே பாத்துக்கிட்டு வந்தேன். நான் ஆடாம அசையாம உக்காந்திருக்கேன், அவரு பக்கம் மட்டும் தூக்கித் தூக்கிப் போடுது, ஸ்டேரிங்கை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, இப்ப எப்படி இருக்குன்னு என்னைக் கேக்கிறாரு. பரவாயில்லன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன், கண்ணு கலங்கிருச்சு.

அதனால முதல்ல எழுதினதை விட்டுரு. அப்பா கேட்டா உன்னால ஏலுமானதைக் குடு, கேக்கலன்னாலும் அனுப்பு. என் ஊசியை அடுத்த சீட்டுல பாத்துக்குவோம். துவாயி மட்டும் இன்னொண்ணு அனுப்பு, இந்தத் தரம் நானே பூட்டி வச்சுக்கிறேன். தலைக்கு எண்ணெய் வை, ராவுல தனியா வெளிய போகாத. அந்த மாரியாத்தா உன்னைக் கூடவே இருந்து காப்பாத்தணும், நீ நோய் நொடி இல்லாம நூறு வருசம் இருக்கணும். ஒண்ணு மறந்துறாத, காசு அனுப்புறப்ப வலது பக்கத்துக்குன்னு அடிச்சுச் சொல்லி அனுப்பு. இல்லாட்டி அந்த மனுசன் அதையும் என் பக்கத்துக்கே செலவழிச்சிருவாரு.

இப்படிக்கு,
உன் அம்மா
செ. மீனம்மா