எட்டு மரத் தூரம்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே வெக்கை. பெங்களூரா மாங்காய் இன்னும் ஒரு வாரம் பொறுக்கும். வேர்க்கடலையில் மறுபடியும் காட்டுப்பன்னி. தெற்கு வரப்போரம் ஏர் ஓட்டியது போலக் கிளறிப் போட்டிருக்கிறது.

பக்கத்து நிலத்துக் கோவிந்தசாமி வரப்பிலிருந்தே கத்தினான். "அண்ணா, தூரம் தெரிஞ்சிகினு சுடு. இல்லனா துப்பாக்கிய ஸ்டேஷன்ல குட்த்துடு!"

போன மாதம் என் குண்டு அவன் தண்ணீர்த் தொட்டியைத் துளைத்துவிட்டது. பத்தடி தள்ளி அவன் மனைவி செல்வி துணி துவைத்துக்கொண்டிருந்தாளாம். ஆனால் என் கணக்கு சரி. பன்னி நின்றது பம்பு ஷெட் வாசலிலிருந்து எட்டாவது மாமரத்தடி, அந்தக் கவட்டை மரம். மரத்துக்கு மரம் பத்து மீட்டர், நைனா நட்டது. ஆக எண்பது. குண்டுதான் பழசு.

பன்னி சுட அனுமதிக் கடிதம் ஊரில் என் ஒருவன் பேரில்தான். அதை விட்டுவிட்டு என்ன செய்வேன்?

என் மனைவி சாந்தியின் தம்பி மோகன், தூரம் காட்டும் லேசர் மிஷின் வாங்கச் சொல்கிறான். அவனுக்கு ஏன் இவ்வளவு அக்கறை?

ஜூன் 5, வியாழன்

மோகனோடு திருப்பதி. பஸ் முழுக்க மொட்டைத் தலை, சந்தன வாசனை. கடையில் பார்த்தது:

- அறுநூறு மீட்டர். கைக்கு அடக்கம். கண்ணாடி மங்கல்.
- ஆயிரம் மீட்டர். மழை தாங்குமாம். மங்கல்.
- மேடு பள்ளத்தையும் கணக்குப் போடுமாம். நம் நிலத்தில் ஏது மேடு? இதுவும் மங்கல்.

மூன்றுமா? கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டப் பார்க்கிறான். கேட்டால், "பாகா கனபடுதுந்தி சார்," நன்றாகத் தெரிகிறது என்று சத்தியம் செய்கிறான். மோகன் வாங்கிப் பார்த்து, "எதிர் போர்டுல போன் நம்பரே படிக்கலாம் மாமா" என்றான். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கமிஷன். வேறென்ன?

இரண்டாவதை எடுத்தேன். மூன்று நாளில் மாற்றித் தருவதாக எழுதி வாங்காமல் விடவில்லை.

ஜூன் 6, வெள்ளி

மாலை, பம்பு ஷெட் வாசலிலிருந்து சோதனை. கவட்டை மரத்துக்குப் பிடித்து மோகன் படித்தான். "நூத்திப்பத்து."

"எட்டு மரம்டா! எண்பது!"

"நீங்களே எண்ணுங்க மாமா."

துப்பாக்கி பிடிக்கிற பழக்கம், இடது கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன். எட்டு. அவன் செருப்பு மண்ணைத் தட்டினான். நாளைக்கே மிஷினை மாற்ற வேண்டும்.

சாந்தியிடம் சொன்னால், "என் தம்பின்னாலே உனக்கு ஆவாதேய்யா. துன்னுட்டுப் படு."

ஜூன் 7, சனி

காலை ஆறு. தனியாகப் போய் ஒவ்வொரு மரத்தையும் கையால் தொட்டு எண்ணினேன். கவட்டை மரம், பதினொன்று. திரும்பி வரும்போதும் பதினொன்று.

கொஞ்ச நேரம் கோவிந்தசாமி மேல் கூடச் சந்தேகம். நாற்பது வருஷத்து மரத்தை எவன் கொண்டுவந்து நடுவான்? மடையன் நான்.

சாந்தி பம்பு ஷெட்டுக்குக் காப்பி கொண்டுவந்தாள். மிஷினை வாங்கிப் பார்த்தாள். "இன்னாய்யா மங்கல்? செல்வி புடவையில பூ கூடத் தெரியுது." பிறகு அதை என் இடது கண்ணில் வைத்தாள். "இதுல பாரு."

ஒட்டுப் போட்ட தொட்டி. பக்கத்தில் துவைக்கிற கல். செல்வி. புடவையில் மஞ்சள் பூ.

வலது கண்ணுக்கு மாற்றினேன். புகை. கண்ணாடியைத் துடைத்தேன். புகை. மறுபடியும் துடைத்தேன்.

அன்றைக்கும் அவள் அங்கேதான் இருந்திருக்கிறாள். நான் பார்க்கவே இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

மேகமூட்டம். "மிஷின மாத்திகினு வந்துட்லாமா மாமா?" மோகன். வேண்டாம் என்றேன். நாளை வேலூர், கண் ஆஸ்பத்திரி, முதல் பஸ்.

ரைபிளை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு கோவிந்தசாமி வீட்டுக்குப் போனேன், அதை ஸ்டேஷனில் ஒப்படைக்கத் துணைக்குக் கூப்பிட. செல்விதான் வெளியே வந்தாள்.

"அவுரு குளிச்சிகினு கீறாரு. உள்ள வாண்ணா, காப்பி குடி."

ரைபிளோடு வாசற்படிக்கு வெளியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.