முற்றத்தின் நடுவில் நீங்கள் போட்ட கோடு

மதினி,

இன்று காலை மழை விட்டதும் கார்ப்பரேஷன் ஆட்கள் வந்து நம் சந்தின் ஓடையோரம் சுண்ணாம்புத் தூள் தூவிவிட்டுப் போனார்கள். ஈரத்தில் அது விழுந்ததும் எழும்புகிற நெடி கதவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. சாயா கிளாஸும் கையுமாக வாசலுக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். தூவியவள் சின்னப் பெண். கோணலும் மாணலுமாகப் போட்டிருந்தாள். நீங்கள் இருந்திருந்தால் டப்பாவைப் பிடுங்கி, "ஓடை நேரா போகுது, உன் கை மட்டும் எங்கடீ போகுது?" என்று கேட்டிருப்பீர்கள். எனக்கு அவளிடம் வாயைத் திறக்கக்கூடத் தெம்பில்லை. சாயா ஆறிப்போயிற்று. அதைக் கொட்டிவிட்டு உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிறது. உங்கள் மகளுக்கு மலையாளம் வாசிக்க வரும், தமிழ் வராது. ஆகவே இதை எங்கே வைத்தாலும் பயமில்லை. உங்களிடம் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்கு வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள். இப்போதெல்லாம் எதற்கும் நேராகப் போய்ச் சேர முடிவதில்லை.

அந்த முதல் வண்டி நினைவிருக்கிறதா? தொண்ணூறுகளின் நடுவில், ஜூ டவுன் தெருவில். ஒரு வீட்டையே சக்கரத்தின் மேல் தூக்கி வைத்த மாதிரி ஒரு வண்டி, மிளகு மூட்டை ஏற்றிய கைவண்டிக்கும் சுவருக்கும் நடுவே முன்னுக்கும் போகாமல் பின்னுக்கும் வராமல் சிக்கிக்கொண்டது. உள்ளே ஒரு சாயிப்பும் அவருடைய மதாம்மாவும். மட்டாஞ்சேரியில் வெள்ளைக்காரர்களுக்கு நாம் வேறு என்ன பெயர் வைத்தோம்? தெருவே கூடி நின்று ஆளுக்கொரு பக்கம் "வலத்தோட்டு, இடத்தோட்டு" என்று கத்தியது. சாயிப்பு ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்துவிட்டார். நீங்கள் அப்போது கார்ப்பரேஷனில் தெரு கூட்டுகிற டியூட்டியில் இருந்தீர்கள். கையில் சுண்ணாம்பு டப்பா. அடியில் ஆணியால் ஓட்டை போட்ட அந்தப் பழைய பால்பவுடர் டப்பா. யாரிடமும் ஒன்றும் கேட்காமல் பின்சக்கரங்களிலிருந்து தெருமுனை வரைக்கும் இரண்டு வெள்ளைக் கோடு போட்டீர்கள். பிறகு கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்று, கோட்டைக் காட்டி, வா என்று கையசைத்தீர்கள். வண்டி கோட்டின் மேலேயே பின்னால் ஊர்ந்து வந்து வெளியேறியது. அவருக்கு நம் பாஷை எதுவும் தெரியாது, உங்களுக்கு அவருடையது தெரியாது. கோடு இருவருக்கும் தெரிந்தது.

அந்த மதாம்மா படுக்கிற மாதிரி கன்னத்தில் கை வைத்துக் காட்டி, இடம் எங்கே என்று சைகையில் கேட்டாள். "நம்ம முற்றம் சும்மாதானே கிடக்கு" என்றீர்கள் என்னைப் பார்த்து.

சும்மாதான் கிடந்தது. அண்ணன் காவல் பார்த்த கிடங்கின் முற்றம் அது. ஒரு காலத்தில் செங்கல் பாவிய அந்தத் தரை முழுக்க இஞ்சியைச் சுக்காகக் காயப்போட்டிருந்தார்கள். கிடங்குக்காரச் சேட்டு தொழிலை முடித்துக்கொண்டு பம்பாய் போனபோது அண்ணனும் உயிரோடு இல்லை. "யாரும் ஆக்கிரமிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்" என்று சொல்லிப் பின்பக்க அறைகளை உங்களுக்கும் எனக்கும் விட்டார். தாலி இருந்தும் புருஷன் இல்லாமல் அண்ணன் வீட்டோடு வந்து ஒட்டிக்கொண்ட நாத்தனார் நான். என்னை நீங்கள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை.

அந்த ஒரு வண்டி போய் இரண்டு வண்டிகளுக்குச் சொல்லியது. பிறகு மழைக்காலம் முடிந்ததும் வீட்டுவண்டிகள் தாமாகவே வர ஆரம்பித்தன. அவர்களுக்கு நம்மிடம் வேண்டியது கொஞ்சம்தான்: சுவர், தண்ணீர், கக்கூஸ், துணி காயப்போடக் கொடி. அடுப்பும் படுக்கையும் வண்டியிலேயே இருந்தன. காலையில் நான் தோசை சுடுவேன். நீங்கள் டியூட்டி முடிந்து வந்து, பிற்பாடு வேலையை விட்டபின் முழுநேரமும், இடம் போடுவீர்கள்.

அந்த இடம் போடுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. புதிய வண்டி வந்தால் முதலில் அதைச் சுற்றி ஒரு நடை. பிறகு ஓட்டுகிறவரிடம் முன்சக்கரத்தை முழுக்க ஒடிக்கச் சொல்லி, குனிந்து பார்ப்பீர்கள். அதற்கப்புறம்தான் டப்பா கையில் ஏறும். சுவரோரம் அந்த வண்டிக்கென்று ஒரு கோடு. அது போனதும் கூட்டி அழித்துவிட்டு, அடுத்ததற்கு வேறு கோடு. முற்றத்தின் நடுவில், பாதாம் மரத்தடியில் மட்டும் யாரையும் நிற்கவிட மாட்டீர்கள். நிழல் முழுவதும் அங்கேதான். வெயிலில் சிவந்துபோன சாயிப்புமார்கள் கெஞ்சுவார்கள். நானும் கெஞ்சியிருக்கிறேன். "நடுவுல யாரும் கெடையாது, செல்வி. போறவன் மத்தவன எழுப்பாமப் போகணும், கேட்டியா" என்பீர்கள். அப்படித்தான் நடந்தது. விடியற்காலையில் ஒரு வண்டி மரத்தைச் சுற்றி வளைந்து கேட்டைத் தாண்டிப் போகும். மற்றவர்கள் திரைச்சீலையைக்கூட விலக்க மாட்டார்கள்.

நீல வண்டிக்காரர்கள்தான் உங்களுக்குப் பிரியம். பழைய பஸ் ஒன்றை வீடாக்கி, கடல் தாண்டாமல் தரை வழியாகவே வந்து சேர்கிற கிழவரும் கிழவியும். எல்லா வண்டியிலும் நீளமானது அதுதான். டிசம்பர் பிறந்ததும் நீங்கள் கேட்டின் கீலுக்கு எண்ணெய் விட ஆரம்பித்துவிடுவீர்கள். அந்த மதாம்மா இறங்கியதும் கட்டிப்பிடிக்க மாட்டாள், கும்பிடவும் மாட்டாள். ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு கோடு போடுவாள். நீங்கள் பதிலுக்கு டப்பாவைத் தட்டுவீர்கள். அவ்வளவுதான் உங்கள் இருவருக்கும் பேச்சு.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து எறணாகுளத்திலிருந்து அந்த ஏஜென்ட் வந்தான். முற்றத்தைப் பார்த்தான். வண்டி இல்லாமல் விமானத்தில் வருகிறவர்கள்தான் இப்போது அதிகம், அவர்களுக்குக் கூடாரத்தில் தூங்கும் ஆசை உண்டு, ஆனால் கட்டில், ஃபேன், தனிக் குளியலறை எல்லாம் வேண்டும் என்றான். சிமென்ட் மேடை போட்டு அதன் மேல் நிரந்தரமாகக் கூடாரம். நாலு போட்டால் ஆள் அனுப்புவது தன் பொறுப்பு.

எனக்கு அந்தப் பேச்சு இனித்தது. ஏன் இனிக்காது? வருஷத்தில் பாதி மாதங்கள் முற்றம் காலி. வண்டி வருமா வராதா என்று கேட்டையே பார்த்துக்கொண்டு இருந்து எனக்கு அலுத்துவிட்டது. யார் வந்தாலும் மூட்டை கட்டிப் போகிறவர்கள். எங்கும் போகாத ஒன்று அந்த முற்றத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"சொந்தமா வீட்டோட வர்றவங்களுக்கு எதுக்குடீ வீடு?" என்றீர்கள்.

"வீடில்லாம வர்றவங்களுக்கு?"

"அவங்களுக்கு ஊர் முழுக்க லாட்ஜ் இருக்கு. இவங்களுக்கு இந்த முற்றம்தான் இருக்கு."

"உங்களுக்கு உங்க டப்பா முக்கியம் மதினி. அது கையில இல்லன்னா உங்கள எவனும் தேட மாட்டான்னு பயம்."

சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். நீங்கள் "செரி, உன் இஷ்டம்" என்று உள்ளே போய்விட்டீர்கள். அதன்பின் நாலு நாள் நாம் பேசிக்கொள்ளவில்லை.

நான் காகிதத்தில் அளவு போட்டேன். இத்தனை வண்டி நிற்க இத்தனை அடி, இத்தனை கூடாரத்துக்கு இத்தனை அடி. எல்லாம் சரியாக வந்தது. சுவரோரம் இரண்டு மேடை, பாதாம் மர நிழலில் இரண்டு மேடை. ஏஜென்ட் நிழலைத்தான் கேட்டான். வண்டிகள் நிற்பதை எண்ணினேனே தவிர, அவை வளைவதை நான் எண்ணவில்லை.

மேஸ்திரி வேலை தொடங்க வந்த காலையில், அவருக்கு முன்னால் நீங்கள் எழுந்திருந்தீர்கள். கேட்டிலிருந்து புறப்பட்டு, மரத்தைச் சுற்றி, சுவரைத் தொடுகிற மாதிரி வந்து, மறுபடி கேட்டுக்கே போகிற ஒரு பெரிய வளைகோடு. மேடைக்கு நான் கயிறு கட்டியிருந்த இடத்தின் மேலேயே போயிருந்தது. "சேச்சி, இது எந்தா?" என்று மேஸ்திரி என்னைக் கேட்டார். எனக்குத் தெரியும் அது என்னவென்று. நீல வண்டி வளைகிற வளைவு. நீங்கள் என்னோடு பேசாமல் சொன்ன பேச்சு அது.

"இவ்ளோ பெருசா எந்த வண்டி வளையும்? வேணும்னே பெருசாப் போட்ருக்கீங்க" என்று மேஸ்திரி காதுபடக் கத்தினேன். இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து உங்கள் கண்முன்னாலேயே ஊற்றினேன். சுண்ணாம்பு பால் மாதிரி ஓடி ஓடையில் இறங்கியது. நீங்கள் டப்பாவை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனீர்கள். அடுத்த மாதமே முட்டுவலி என்று சொல்லித் திருப்பூணித்துறைக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். முட்டுவலி உங்களுக்கு அதற்குப் பத்து வருஷம் முன்பே இருந்தது.

கூடாரங்கள் முதல் வருஷம் நன்றாகத்தான் ஓடின. அதை மறைக்க மாட்டேன். புதிதாகக் கல்யாணமானவர்கள் வந்தார்கள், பிள்ளைகுட்டியோடு வந்தார்கள், மர நிழலில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் நிமிர்ந்து நடந்தேன்.

டிசம்பரில் நீல வண்டி வந்தது. கேட்டைத் தாண்டி நேராக உள்ளே வந்து மேடைக்கு முன்னால் நின்றுவிட்டது. கிழவர் இந்தப் பக்கம் ஒடித்தார், அந்தப் பக்கம் ஒடித்தார். முடியவில்லை. வந்த வழியே சந்துக்குள் பின்னால் போவது தவிர வேறு வழியில்லை. மதாம்மா இறங்கி நாலு புறமும் பார்த்தாள். என்னிடம் வந்து காற்றில் விரலால் கோடு போட்டாள். கோடு போடுகிறவள் எங்கே என்று கேட்கிறாள். நான் திருப்பூணித்துறைப் பக்கமாகக் கையைக் காட்டினேன், அவளுக்கு அது என்ன விளங்கியிருக்கும்? பிறகு நானே பின்னால் நின்று, தெருக்காரர்கள் அன்று கத்திய மாதிரியே "வலத்தோட்டு, இடத்தோட்டு" என்று கத்தினேன். வண்டியின் பின்மூலை கேட்டுத் தூணில் மோதி, கண்ணாடி நொறுங்கி, தூணும் சாய்ந்தது. கிழவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். மதாம்மா கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்தாள். அடுத்த ஒரு மணி நேரத்திலேயே போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வரவில்லை. அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறவர்கள்தானே, மற்ற பெரிய வண்டிகளும் வருவதை நிறுத்திக்கொண்டன.

அந்த மாதக் கடைசியில்தான் உங்களைப் பார்க்க வந்தேன். நீங்கள் அப்போது எழுந்து உட்காரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. என்னைக் கண்டதும் முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டீர்கள். அடுத்து, "நீல வண்டி வந்துச்சா?" என்றீர்கள்.

"வந்துச்சு மதினி."

"வளைஞ்சுதா?"

படுக்கையில் கிடக்கிறவர்களிடம் எதைச் சொல்வது என்று நினைத்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் தோற்றதை ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. "சுகமா வளைஞ்சுது. ஒரு தொந்தரவும் இல்ல" என்றேன்.

நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தீர்கள். பிறகு, "அப்ப நான்தான் பெருசாப் போட்டுட்டேன் போல. கண்ணு போயிருச்சு செல்வி, அளவு தெரியல" என்றீர்கள். சிரிக்கவும் சிரித்தீர்கள். பொங்கல் முடிந்த வாரம் நீங்கள் போய்விட்ட தகவல் வந்தது.

ஏஜென்ட் ஆள் அனுப்புவது குறைந்து நின்றுபோனது. இரண்டு மழைக்காலத்தில் கூடாரத் துணி கறுத்துப் பூஞ்சை பிடித்தது. போன வருஷம் நடுவில் இருந்த இரண்டு மேடையையும் உடைத்தேன். சுவரோரம் உள்ள இரண்டையும் விட்டுவைத்திருக்கிறேன். அவை யாருக்கும் குறுக்கே இல்லை, எப்போதாவது ஆள் வருகிறது. கூடாரம் போட்டதே தப்பு என்று இன்றைக்கும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்களோடு இன்னும் கொஞ்சம் சண்டை மிச்சம் இருக்கட்டும்.

உடைத்த சில மாதத்தில், வழி தெரியாமல் ஒரு பழைய பஸ்வண்டி வந்தது. நீல வண்டியின் நீளம் இருக்கும். அதன் சக்கரத்தை ஒடித்துப் பார்க்க எனக்குத் தெரியாது, குனியவும் முடியாது. ஜன்னல் திட்டிலிருந்து உங்கள் டப்பாவை எடுத்து, நான் தண்ணீர் ஊற்றி அழித்த அந்தக் கோட்டை நினைவிலிருந்து அப்படியே போட்டேன். எதற்கு அது எனக்கு இத்தனை துல்லியமாக நினைவிருந்தது என்று தெரியவில்லை. கேட்டு, மரம், சுவர், மறுபடி கேட்டு. வண்டி வளைந்தபோது முன்சக்கரம் கோட்டின் மேலேயே போயிற்று.

டப்பா இப்போது என்னிடம்தான் இருக்கிறது. ஓட்டைகள் துருவேறி அடைத்துக்கொள்கின்றன, ஆணியால் குத்தி விடுகிறேன். நீங்கள் அன்றைக்குக் கேட்டதற்கு இன்றைக்குப் பதில் சொல்கிறேன். நீல வண்டி வளையவில்லை, மதினி. உங்கள் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோடு சரியான அளவுதான், ஒரு விரற்கடைகூட அதிகமில்லை.

உங்கள்
செல்வி